பாறையா, கல்லா?

மைசூரு சாமுண்டி மலைக்குப் படிவழியே ஏறுவோர் பெரிய நந்தியின் முன் சற்றே இளைப்பாறுவது வழக்கம். 17ஆம் நூற்றாண்டில், தொட்டதேவராஜ உடையார் காலத்தில், ஒரே பாறையில் செதுக்கப்பட்ட நந்தி அது. நாம் ஏறிவந்த படிகளோ வெட்டி எடுத்து அடுக்கிய கற்கள்.

ஆங்கிலத்தின் 'ராக்', 'ஸ்டோன்' ஆகிய இரு சொற்களின் வேறுபாட்டையும் இம்மலையே உணர்த்திவிடுகிறது. நிலத்தோடு ஒன்றி இயற்கையாய்க் கிடப்பது ராக். மனிதர் எடுத்துப் பயனுக்கு ஆக்கிக்கொண்டது ஸ்டோன். எனவே மலைப்பாறை ராக். படிக்கட்டு, மதில், எல்லைக்கல் ஆகியவை ஸ்டோன். தமிழிலும் பாறையை உடைத்துக் கல்லாக்குகிறோம். கல்லை உடைத்துப் பாறையாக்குவதில்லை. ஆயினும் கையால் எறியும் சிறு கல்லையும் அமெரிக்கர் ராக் என்பர். பிரிட்டனில் அது ஸ்டோன்.

அளவைக் கொண்டு பிரிக்கும் சொற்களும் உண்டு. அமெரிக்க நிலவியலாளர் வென்ட்வொர்த் 1922இல் வகுத்த அளவுகோலின்படி, 256 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உருண்டைப் பாறை 'போல்டர்'. 4 முதல் 64 மில்லிமீட்டர் வரையுள்ள கூழாங்கல் 'பெப்பிள்'.

இச்சொற்களுள் வங்கியில் மிகுதியாகப் புழங்குவது 'ஸ்டோன்'. அணிகலனில் பதித்த கெம்பும் மரகதமும் நகைக்கடன் ஏட்டில் ஸ்டோன் என்றே குறிக்கப்படும். அவற்றின் எடை கடன் மதிப்பில் சேராது. பாட்டி தந்த கல் அட்டிகை தராசில் 40 கிராம் காட்டுகிறது. கற்கள் 6 கிராம் என்று கொள்வோம். பிற கழிவு ஏதும் இல்லையெனில் கடனுக்குரிய நிகர எடை 34 கிராமே. தராசில் கண்ட எடையை மனத்திற்கொண்டு கல்லூரிக் கட்டணத்துக்கோ திருமணச் செலவுக்கோ கணக்கிட்டு வருவோர், கடன்தொகை குறைவது கண்டு திகைக்கின்றனர்.

நகையை மதிப்பிடும்போது வாடிக்கையாளர் உடனிருக்க வேண்டும் என்பதும், கல் முதலியவற்றுக்கான கழிவை அவருக்கு விளக்கிச் சான்றிதழில் குறிக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட நெறிமுறைகளில் உள்ளவை. ஆகவே மொத்த எடை, கல் எடை, நிகர எடை ஆகிய மூன்றையும் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். ஐயம் எழுந்தால் தயங்காமல் கேளுங்கள். கடனைத் தீர்த்து நகையைத் திரும்பப் பெறும் நாளில், தங்கத்தோடு கற்களையும் அச்சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் கணக்கில் சேராத கல்லும் உங்கள் சொத்தே அல்லவா!