முட்டைக்கோழிக்கு ஒரு தடுப்பூசி போதாதா? போட்ட பிறகும் நோய் வருவது ஏன்?

நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் ஒரே ஷெட்டில் ஆயிரக்கணக்கான கோழிகள், கூண்டை ஒட்டிக் கூண்டாக வளர்கின்றன. ஒரு கோழிக்கு வைரஸ் வந்தால் ஷெட் முழுக்கப் பரவ அதிக நாள் ஆகாது. வந்த பிறகு குணப்படுத்த மருந்தும் கிடையாது. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் வைரஸை அது ஒன்றும் செய்யாது. எனவே முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் ஒரே வழி. ஆனால் தடுப்பூசி போட்ட பண்ணையிலும் சில நேரம் நோய் வருகிறதே, ஏன்?

எந்த வயதில் எந்த மருந்து?

குஞ்சு பொரித்த முதல் நாளே, பொரிப்பகத்திலேயே மேரக்ஸ் நோய்க்கு கழுத்துத் தோலுக்கு அடியில் ஊசி போடப்படும். முதல் வார வாக்கில் ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சலுக்கு கண்ணில் சொட்டு மருந்து. இரண்டு வார வயதை ஒட்டி கம்போரோ நோய்க்கு மருந்து. 6 முதல் 8 வாரத்தில் அம்மைக்கு இறக்கைச் சவ்வில் குத்துவார்கள். முட்டையிடத் தொடங்கும் முன், 16 முதல் 18 வாரத்துக்குள், ராணிக்கெட் உள்ளிட்ட நோய்களுக்குச் செயலிழந்த வைரஸ் தடுப்பூசி. பகுதிக்கு ஏற்ப இந்த அட்டவணை மாறும்.

ஒரே நோய்க்கு ஏன் பல முறை?

தாய்க்கோழியின் நோய் எதிர்ப்பு சக்தி, முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் வரும். அது அதிகமாக இருக்கும்போது மருந்து கொடுத்தால், மருந்தில் உள்ள வைரஸையே அது அழித்துவிடும். தாமதித்தால் நிஜ வைரஸ் முந்திக்கொள்ளும். அதோடு, உயிருள்ள வைரஸ் மருந்து தரும் பாதுகாப்பு சில வாரங்களில் குறைந்துவிடும். அந்த அடித்தளத்தின் மேல் போடப்படும் செயலிழந்த வைரஸ் ஊசிதான் நீண்ட நாள் தாங்கும்.

தப்பு எங்கே நடக்கிறது?

பெரும்பாலும் மருந்தில் இல்லை, கொடுக்கும் விதத்தில்தான். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். குடிநீரில் கலக்கும்போது அந்தத் தண்ணீரில் குளோரின் இருந்தால் வைரஸ் செத்துவிடும். இதனால்தான் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்க்கிறார்கள். கலந்த மருந்தை சுமார் 2 மணி நேரத்துக்குள் எல்லாக் கோழியும் குடித்தாக வேண்டும். குடிக்காத கோழிக்குப் பாதுகாப்பு இல்லை. வெயில் ஏறிய பிறகு மருந்து கொடுத்தாலும் வீரியம் குறையும்.

அரைகுறைப் பாதுகாப்பு என்ன செய்யும்?

கோழிகள் கூட்டமாகச் சாகாமல் போகலாம். ஆனால் முட்டை எண்ணிக்கை திடீரென இறங்கும், ஓடு மெல்லிசாகும், நிறம் வெளுக்கும். தீவனச் செலவு மட்டும் அப்படியே நிற்கும். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தியின் அளவைப் பார்த்தால், தடுப்பூசி வேலை செய்ததா என்பது முன்பே தெரிந்துவிடும்.

பறவைக் காய்ச்சலுக்கு?

2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் முதன்முதலாக உறுதியானது முதல், வீரியமிக்க எச்5என்1 பரவினால் சுற்றுப்புறப் பறவைகளை அழிப்பதே இந்தியாவின் வழிமுறை. தடுப்பூசி போட்டால் அறிகுறி தெரியாமலேயே வைரஸ் பரவலாம் என்பது அதற்கு முக்கியக் காரணம். அந்த நோய்க்குப் பண்ணையாளர் கையில் இருப்பது சுகாதாரக் கட்டுப்பாடு மட்டுமே. வெள்ளைக்கழிச்சலுக்கோ தடுப்பூசியே இருக்கிறது. அதைச் சரியான நாளில், சரியான முறையில் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.