ஒரு டிரம் நல்ல தண்ணீர்!

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் முதலில் மூக்கில் ஏறுவது கருவாட்டு வாசனை. அடுத்து மோட்டார் சத்தம். ஏரியில் ஏதோ படகு வருகிறது என்று நினைத்துத் திரும்பினேன். படகு இல்லை. கரையோரம் ஒரு வேப்ப மரத்தடியில், நீல நிற பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

டிரம் நிறையத் தண்ணீர். விளிம்பில் ஒரு பலகையைக் கட்டி, படகிலிருந்து கழற்றிய எஞ்சினை அதில் மாட்டியிருந்தார் ஒரு மீனவர். விசிறியை, அதாவது புரொப்பல்லரை, தனியாகக் கழற்றி வைத்திருந்தார். எஞ்சின் மெதுவாக உறுமிக்கொண்டிருக்க, அதன் பின்பக்கத் துளையிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று காலிக் குடங்கள். வீட்டு வாசலில் நின்றிருந்த அவர் மனைவிக்கு அந்தக் குடங்களின் மேல்தான் கண்.

"ஏய்யா, ரெண்டு குடந்தான் மீதி இருக்குது. காலைல சோறாக்க வேணாமா?"

"இத்தோட போதும்மே. இது கிளம்பலன்னா சோறாக்க அரிசிக்கு எங்க போறது?"

ஏரி கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. ஆனால் அந்த டிரம்முக்கு அதிலிருந்து ஒரு சொட்டுகூட உதவாது. உப்பையும் சேற்றையும் எஞ்சினுக்குள்ளிருந்து வெளியேற்ற, குடிக்கிற தண்ணீர்தான் வேண்டும். கடலோரக் குப்பங்களில் அது எளிதில் கிடைப்பதில்லை. பைபர் படகு வைத்திருக்கும் வீடுகளில் இந்தச் சண்டை புதிதல்ல என்றார்கள்.

ஆழம் இல்லாததுதான் ஆபத்து

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. வடக்கு தெற்காகச் சுமார் 60 கி.மீ. நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்குச் சொந்தம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளைத் தாண்டி கிழக்கே சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம் பக்கம் போனாலும் இதே ஏரியின் கரைக்குத்தான் வந்து சேர்வோம். இவ்வளவு பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு மீட்டர். பல இடங்களில் பூநாரைகள் நடந்தே மேய்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாய்மரமும் மூங்கில் கழியும் இருந்த காலத்தில் இது பிரச்னையே இல்லை. தட்டையான அடிப்பாகம் கொண்ட மரப்படகு முழங்கால் தண்ணீரிலும் வழுக்கிக்கொண்டு போகும். 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள்கூட, பெரிய கப்பல்களைக் கடலில் நிறுத்திவிட்டு, சரக்கைச் சின்னப் படகுகளில்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்க பைபர் படகுகள் பெருகின. கூடவே மோட்டாரும் வந்தது. மீன்வளத் துறை இதை 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்று எழுதும். குப்பத்தில் வெறும் 'எஞ்சின்'தான். படகின் பின்பலகையில் மாட்டும் இந்த எஞ்சினின் விசிறி, படகின் அடிப்பாகத்துக்குக் கீழே ஏறக்குறைய ஓர் அடி தொங்கும். ஒரு மீட்டர் தண்ணீரில் அந்த ஓர் அடி எவ்வளவு பெரிய விஷயம் என்பது, சேற்றுத் திட்டில் ஒருமுறை மாட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

நூல் மாதிரி ஒரு தண்ணீர்

கார் எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டர் இருக்கிறது. பெரும்பாலான படகு எஞ்சின்களில் அது கிடையாது. எந்தத் தண்ணீரில் ஓடுகிறதோ அதையே உறிஞ்சி, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே தள்ளும். உறிஞ்சும் வேலையைச் செய்வது இம்பெல்லர். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் சக்கரம், நட்சத்திரம் மாதிரி இதழ்கள். எஞ்சினோடு ஒப்பிட்டால் இதன் விலை சில்லறைக் காசு. ஆனால் இது போனால் லட்ச ரூபாயைத் தாண்டும் எஞ்சினும் போய்விடும்.

ஆழ்கடலில் இம்பெல்லருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ஏரியில் விசிறி சுற்றும்போதே அடியிலிருக்கும் சேறும் மணலும் கிளம்பிவிடும். அந்தக் கலங்கலைத்தான் எஞ்சின் குடிக்க வேண்டும். மணல் ரப்பர் இதழ்களை அரம் மாதிரி தேய்க்கும். சேறு உள்ளே குழாய்களில் படியும். மேலே உப்பும் சேர்ந்து காய்ந்துவிட்டால், பீடி வலிப்பவர் நெஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும். டிரம்மில் ஊற்றிய அந்த நல்ல தண்ணீர் இதைக் கரைத்து வெளியேற்றத்தான். தண்ணீர் உறிஞ்சும் வலைத் துளைகள் முழுகும் அளவுக்கு டிரம் நிரம்பியிருக்க வேண்டும். எஞ்சின் நியூட்ரலில், மெதுவான வேகத்தில், பத்து நிமிடம் ஓட வேண்டும். தண்ணீர் இல்லாமல் 'சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்' என்பது வேண்டவே வேண்டாம். சில விநாடிகளிலேயே ரப்பர் சூடேறிக் கருகத் தொடங்கும்.

பின்பக்கம் பீச்சும் நூல் தண்ணீர்தான் எஞ்சினின் நாடித்துடிப்பு. மருத்துவர் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல, படகோட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி அதைப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக வந்தால் சரி. கைசுடச் சுட வந்தாலோ, மெலிந்து சொட்டத் தொடங்கினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். பல நேரம் துளையில் ஒரு மண்துகள் அடைத்திருக்கும். தடித்த நைலான் நரம்பை நுழைத்தாலே சரியாகிவிடும். அப்படியும் வரவில்லை என்றால் இம்பெல்லரைப் பார்க்க வேண்டியதுதான். வழக்கமாக வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இந்தச் சேற்றில் அதுவரை காத்திருப்பது வீண் துணிச்சல்.

ஓட்டுவதில் இருக்கிறது பாதி

கரையிலிருந்தே எஞ்சினைக் கிளப்புவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பழகியவர்கள் எஞ்சினைத் தூக்கி வைத்தபடி, கழியால் ஊன்றி இடுப்பளவு தண்ணீருக்குப் படகைக் கொண்டுபோவார்கள். பிறகுதான் எஞ்சினை இறக்குவார்கள். டேங்க் மூடியில் காற்றுத் திருகைத் திறப்பது, ரப்பர் பல்பை இறுகும்வரை அழுத்தி எண்ணெய் ஏற்றுவது, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அதற்குள் முடிந்திருக்கும்.

அநேக எஞ்சின்களில் ஆழமில்லாத தண்ணீருக்கென்றே அரைகுறையாகத் தூக்கி நிறுத்தும் வசதி உண்டு. விசிறி மேலே வந்துவிடும், ஓட்டமும் நிற்காது. இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் துளை வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கிவிடக் கூடாது. அந்த நிலையில் வேகம் கூட்டக் கூடாது. பின்பக்கம் ஆட்கள் கூடியிருந்தால் முன்னால் நகரச் சொன்னாலே, விசிறி இரண்டு மூன்று அங்குலம் மேலேறிவிடும்.

ஆழம் குறைந்த இடத்தில் வேகம் கூட்டினால் படகின் பின்பக்கம் தானாகவே கீழே அமுங்கும். அடியில் நெருக்கமாக ஓடும் தண்ணீர் படகைக் கீழே இழுப்பதுதான் காரணம். பெரிய கப்பல்களுக்கும் இதே கதைதான். லேசான படகில் இளவட்டங்கள் முழு வேகத்தில் பறந்து, மேல்மட்டத்தில் சறுக்கிக்கொண்டு திட்டைத் தாண்டிவிடுவதும் உண்டு. நடுவில் வேகம் குறைந்தால் போச்சு. பின்பக்கம் பொத்தென்று இறங்கி, விசிறி சேற்றில் புதைந்துவிடும்.

மாட்டிக்கொண்டால்? எஞ்சினை அணைக்க வேண்டும். முறுக்கி முறுக்கிச் சேற்றை உழுவதோ, ரிவர்ஸ் போட்டு இழுப்பதோ, கிளம்பிய சேற்றை நேராக உறிஞ்சு துளைக்குள் அனுப்பும் வேலை. எஞ்சினைத் தூக்கிவிட்டு, வந்த வழியே கழியால் தள்ளிப் பின்வாங்குவதுதான் ஒரே வழி. மோட்டார் படகிலும் மூங்கில் கழி கட்டாயம் கிடப்பது இதற்காகத்தான்.

இந்த வம்பே வேண்டாம் என்று நீளத்தண்டு எஞ்சின் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 'லாங் டெயில்'. தாய்லாந்து வாய்க்கால்களில் பிரபலமான வகை. பல அடி நீளக் கம்பியின் நுனியில் விசிறி இருக்கும். கையால் அழுத்தினால் விசிறி மேலே வந்துவிடும். பல மாடல்களில் எஞ்சின் காற்றால் குளிர்வதால் சேற்றைக் குடிக்க வேண்டியதில்லை. சத்தம்தான் காதைப் பிளக்கும். என்னைக் கேட்டால், ஏரியை விட்டு வெளியே போகாதவருக்கு இதுவே நல்ல துணை.

இந்தப் பின்பலகை எஞ்சினைப் பரவலாக்கியவர் அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரர் ஓலே எவின்ரூட். பின்னாளில் மனைவியான பெஸ் ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் கேட்க, அவர் துடுப்புப் போட்டு வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஆற்றாமையில் பிறந்ததுதான் இந்த எஞ்சின் என்று ஒரு கதை உண்டு. 1909-ல் விற்பனைக்கு வந்தது. வியாபாரக் கணக்கைப் பார்த்தவர் பெஸ்தான். பழவேற்காட்டில் குடத்தை எண்ணும் அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

பால் விட்ட டீ

ஏரியில் கிழிந்த வலைத்துண்டுகள் மிதக்கும். விசிறியில் சுற்றிக்கொண்டால் கத்தியால் அறுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு நைலான் இழை தண்டில் மிச்சமிருந்தால், அது உள்ளே நகர்ந்து எண்ணெய் கசியாமல் காக்கும் சீலை அறுத்துவிடும். வெளியிலிருந்து உப்புத்தண்ணீர் கியருக்குள் நுழையும். கண்டுபிடிப்பது சுலபம். கீழே இருக்கும் திருகைத் திறந்து கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் விட்ட டீ மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் கூடாது. பெட்ரோலில் ஓடும் பல டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு 50 லிட்டருக்கு 1 லிட்டர் ஆயில் கலக்க வேண்டும். அதுவும் படகு எஞ்சினுக்கான ஆயில், பைக் ஆயில் அல்ல. மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கயிறு இழுத்தே தோள்பட்டை கழன்றுவிடும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓட்டம் இல்லை என்றால் கார்புரேட்டரைக் காலியாக்கிவிடுவது நல்லது.

எஞ்சின் தவறி ஏரியில் விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? தூக்கி வெயிலில் காய வைக்கத்தான் தோன்றும். அதுதான் தப்பு. காற்றுப் பட்ட நிமிடத்திலிருந்து உப்பு இரும்பைத் தின்னத் தொடங்கும். நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் விட்டு அன்றே ஓட வைக்க வேண்டும். மெக்கானிக் வரத் தாமதமானால், அதுவரை எஞ்சினை நல்ல தண்ணீருக்குள் முழுக வைத்திருப்பதுதான் சரி. மறுபடியும் அதே டிரம்!

இடுப்பளவுதானே...

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அளவுக்கு மீறிய ஆட்கள். உயிர்காக்கும் உடுப்பு இல்லை. அதன் பிறகுதான் இங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. 'ஏரிதானே, இடுப்பளவுத் தண்ணிதானே' என்று இப்போதும் குழந்தைகளோடு வந்து படகுக்காரரிடம் கெஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கெஞ்சாதீர்கள். ஏரி ஒரே அளவு ஆழம் கொண்டதல்ல. திட்டுக்கு அடுத்த எட்டிலேயே ஆள் முழுகும் வாய்க்கால் இருக்கும். முகத்துவாரம் பக்கம் இழுவை அதிகம். காலூன்றினால் சேறு விடாது.

அந்த முகத்துவாரம்தான் மீனவர்களின் இன்னொரு கவலை. கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி, கோடையில் வாயை அடைத்துவிடுகிறது. கடலுக்குப் போகும் படகுகள் தரை தட்டுகின்றன. மீனவர்களே மண்ணை வெட்டி வழி உண்டாக்கிய வருடங்களும் உண்டு. நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கற்சுவர் அமைக்கும் திட்டத்துக்கு அரசு சுமார் 27 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏரி எவ்வளவு ஆழம் குறைகிறதோ, அவ்வளவு மணல் ஒவ்வொரு வீட்டு எஞ்சினுக்குள்ளும் போகிறது. செலவு அந்தந்த வீட்டுக்கு.

மரத்தடியில் எஞ்சின் நின்றது. அந்த அம்மா இறங்கி வந்து, டிரம்மில் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தார். சமையலுக்கு ஆகாது. கணவரிடம் ஒன்றும் சொல்லாமல், வலைக்கூடையை இழுத்துவந்து டிரம் பக்கத்தில் வைத்து, மீன் செதில் ஒட்டிய வலையை அந்தத் தண்ணீரிலேயே அலசத் தொடங்கினார்.