4 நாள் வேலை, முழு சம்பளம்: லண்டன் சொல்லியும் கேட்காத இங்கிலாந்து கிராமப்புற கவுன்சில்!

வாரத்துக்கு 4 நாள் மட்டும் வேலை, சம்பளத்துல ஒரு பைசா குறையாது. இதை ஒரு ஐடி கம்பெனி செய்யல. இங்கிலாந்தில் ஒரு கிராமப்புற கவுன்சில் செய்திருக்கிறது. மத்திய அமைச்சர் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. எப்படி?

எங்கே இருக்கு?

கேம்பிரிட்ஜ் நகரைச் சுற்றி வளைத்தபடி இருக்கும் பகுதிதான் சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர். 100-க்கும் மேற்பட்ட கிராமங்கள், சுமார் 1.6 லட்சம் மக்கள். குப்பை அள்ளுவது, கட்டட அனுமதி, வாடகை வீடுகள், கவுன்சில் வரி வசூல் எல்லாம் இந்த கவுன்சில் வேலை. ரோடு, ஸ்கூல் போன்றவை மேலே உள்ள கவுன்டி கவுன்சில் பொறுப்பு.

யார் கையில் அதிகாரம்?

டிஸ்ட்ரிக்ட் என்றதும் கலெக்டர் ஞாபகம் வரலாம். இங்கே கலெக்டர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் 45 கவுன்சிலர்கள் சேர்ந்து ஒரு தலைவரைத் தேர்வு செய்வார்கள். அவர் தன் அமைச்சரவையை அமைப்பார். கூட்டத்தை நடத்தவும், விழாக்களில் கலந்துகொள்ளவும் 'சேர்மன்' தனியாக இருப்பார். ஆனால் அவருக்கு நிர்வாக அதிகாரம் இல்லை.

2018-ல் லிபரல் டெமாக்ரட்ஸ் கட்சி வென்றபோது தலைவரானவர் பிரிட்ஜெட் ஸ்மித். 4 நாள் வேலைத் திட்டம் இவர் காலத்தில் வந்ததுதான்.

ஏன் இந்த முடிவு?

கேம்பிரிட்ஜில் வீட்டு விலை அதிகம், பெரிய கம்பெனிகளும் அதிகம். அதனால் கவுன்சில் வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். ஏஜென்சி ஆட்களை வைத்தால் செலவு எகிறும். எனவே 2023 ஜனவரியில் சோதனை தொடங்கியது. செப்டம்பரில் குப்பை அள்ளும் ஊழியர்களும் சேர்ந்தனர்.

நிபந்தனை ஒன்றுதான்: 80% நேரத்தில் 100% வேலையை முடிக்கணும்.

பலன் என்ன?

2024-ல் வெளியான பல்கலைக்கழக ஆய்வில், 24 சேவைகளில் 22 முன்பு போலவே அல்லது மேம்பட்டிருந்தன. வேலையை விட்டுப் போவது 39% குறைந்தது. ஓராண்டில் சுமார் 3.71 லட்சம் பவுண்ட் மிச்சம்.

எதிர்ப்பு இல்லையா?

இருக்கு. "வரி முழுசா கட்டுறோம், ஊழியர்கள் மட்டும் ஏன் குறைவா வேலை செய்யணும்?" என்பதுதான் எதிர்ப்பாளர்களின் கேள்வி. 2023-ல் அப்போதைய கன்சர்வேட்டிவ் அமைச்சர் லீ ரௌலி, சோதனையை நிறுத்தும்படி கடிதம் எழுதினார். ஆனால் தன் ஊழியர்களின் வேலை நேரத்தை முடிவு செய்வது கவுன்சில்தான். அதனால் திட்டம் தொடர்ந்தது. 2025 ஜூலையில் வாக்கெடுப்பு நடத்தி நிரந்தரமாகவே ஆக்கிவிட்டார்கள்.

அடுத்து என்ன?

இங்கேதான் ட்விஸ்ட். டிஸ்ட்ரிக்ட், கவுன்டி என்ற இரண்டு அடுக்கையும் ஒழித்து, ஒரே அடுக்கு கவுன்சில்களை அமைக்க பிரிட்டன் அரசு முடிவு செய்துள்ளது. கேம்பிரிட்ஜ்ஷயரில் 2028 ஏப்ரலில் புதிய கவுன்சில்கள் வர வேண்டும் என்பது திட்டம். அப்போது சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுன்சிலே இருக்காது. 4 நாள் வேலை தொடருமா என்பதை, புதிதாக வரும் கவுன்சிலர்கள்தான் முடிவு செய்வார்கள்.