பிறர் கண்ணால் நோக்கல்

கடுகண்ணாவைக் கணவாயில் ஏறுவோர்க்குப் பத்தலேகலைக் குன்று விரித்து வைத்த நூல்போலத் தோன்றும். ஆங்கிலேயர் அதனை விவிலியப் பாறை என்றனர். நக்கிள்ஸ் மலைத்தொடரும், கண்டிப் பகுதியில் நின்று காண்போர்க்கு மடக்கிய கையின் மொளிகள்போலத் தோன்றியமையாலேயே அப்பெயர் பெற்றது. மறுபுறத்து வாழ்வோர் காணும் தோற்றம் வேறு. நமக்கு வெளிப்படையான இவ்வுண்மை சிறு பிள்ளைக்கு எளிதன்று.

சுவிற்சர்லாந்து அறிஞர் பியாசேயும் இன்கெல்டர் அம்மையாரும் 1948 இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு சோதனை கூறினர். மூன்று மலைகளின் மாதிரியுருவைப் பிள்ளைமுன் வைத்து, வேறொரு பக்கத்தில் இருத்திய பாவைக்கு அவை எவ்வாறு தோன்றும் என வினவினர். இளம் பிள்ளைகள் தாம் கண்டதையே பாவையும் காணும் என்றனர். பின்வந்தோர் இம்முடிவை அவ்வாறே ஏற்றாரல்லர். ஹியூஸ் என்பார் மலைகளை விடுத்து, காவலர் பொம்மைகளின் கண்ணிற் படாது சிறுவன் பொம்மையை ஒளிக்குமாறு கேட்டார். மூன்றரை முதல் ஐந்து வயதினர் பத்தில் ஒன்பது முறை சரியாக ஒளித்தனர். ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளைக்கு இது புதிதன்றே!

கண்டதை அறிதல் ஒன்று. எண்ணுவதை அறிதல் மற்றொன்று. தம்பி பேணியில் வைத்த தொதலை, அவன் வெளியே சென்ற வேளையில் தாய் அலுமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதினர் பெரும்பாலும் ‘அலுமாரியில்’ என்பர். ஐந்து வயதளவில் ‘பேணியில்’ என்பர். இவ்வகைச் சோதனையை விம்மர், பெர்னர் என்போர் 1983 இல் வெளியிட்டனர். ஆதலின் மூன்று வயதுப் பிள்ளையைத் தன்னலக்காரன் என ஏசுதல், நடக்கப் பழகாதவனை ஓடவில்லையென வைதல் போலாம். ‘மன்னிப்புக் கேள்’ என வற்புறுத்தினால் அவன் கற்பது அச்சொல்லை மாத்திரமே. ‘அவன் ஏன் அழுகிறான்?’ எனக் கேட்டு விடைக்குக் காத்திருத்தல் நன்று.

நம் வீடுகளில் இதற்கு வாய்ப்பு மிகுதி. ‘உனக்கு அண்ணன் உண்டா?’ என்றால் ‘உண்டு’ என்னும் பிள்ளை, ‘அண்ணனுக்குத் தம்பி உண்டா?’ என்றால் ‘இல்லை’ என்னும். இத்தகைய வினாக்களைப் பியாசே 1924 இலேயே ஆராய்ந்தார். பேரனுடன் பேசும் பாட்டி தன் மகளை ‘அம்மா’ என்கிறாள். பெரியோர் பிள்ளையின் இடத்தில் நின்று பேசுகின்றனர். பிள்ளையை நம் இடத்தில் நிறுத்துவதுதான் அரிது.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலே பல வயதினரும் ஒருங்கிருப்பர்; மூத்தது இளையதைத் தேற்றும். நகரத்து வகுப்புகளோ ஒரே வயதினராகவும், பெரும்பாலும் ஒரே மொழியினராகவும் பிரிந்துள்ளன. ஹந்தானைச் சரிவில் வாழும் பிள்ளை கீழே தெரியும் நகரை வரையட்டும்; நகரத்துப் பிள்ளை, தமிழராயினும் சிங்களவராயினும் முஸ்லிமாயினும், மேலே தெரியும் ஹந்தானையை வரையட்டும். பின்பு படங்களை மாற்றிக் கொடுப்போம். ‘இதில் என் வீடு எங்கே?’ என ஒரு பிள்ளை கேட்குமாயின், அங்கே பாடத்தைத் தொடங்கலாம்.