"எங்க தெருவுல கரண்ட் இல்லை": இதைக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது?

மின் கட்டணம் கட்டிய குறுஞ்செய்தி ஏதாவது உங்கள் செல்போனில் இருந்தால் எடுத்துப் பாருங்க. அதில் நீளமாக ஒரு மின் இணைப்பு எண் இருக்கும். கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடு என்றால் அது 02 என்று தொடங்கும். 02 என்பது விழுப்புரம் மண்டலம். கடலூர் மின் பகிர்மான வட்டம் அதற்குள் வருகிறது. அடுத்த 3 இலக்கம் பிரிவு அலுவலகம், அதற்கு அடுத்த 3 இலக்கம் பகிர்மானம், மீதி உங்கள் வீட்டு இணைப்பு.

பணம் கட்ட இந்த எண் போதும். ஆனால் உங்கள் வீட்டுக்கு மின்சாரம் எந்தக் கம்பி வழியாக வருகிறது என்பதை இந்த எண் மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. தெருவில் வீடுகள் பெருகி, புதிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து, பாதி வீடுகளை அதற்கு மாற்றினார்கள் என்று வச்சுக்குங்க. கம்பி மாறிவிட்டது, உங்கள் எண் அப்படியே இருக்கலாம். எண் என்பது அடையாளம். எங்கே இணைந்திருக்கிறது என்பது வேறு தகவல். இந்த இரண்டையும் கம்ப்யூட்டர் கோப்பில் தனித்தனியாக எழுதி வைப்பதில்தான் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

கோப்பு எதற்கு என்று கேட்கலாம். மின்வாரியப் பொறியாளர்கள் நிஜக் கம்பியில் கை வைக்கும் முன்பு, அதை ஒரு மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இதற்கு சிமுலேஷன் என்று பெயர். இந்த துணை மின்நிலையத்தை நிறுத்தினால் அந்த பீடர் சுமை தாங்குமா, இந்தத் தெருவில் இன்னும் 20 ஏசி வந்தால் கடைசி வீட்டுக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேரும் என்பதெல்லாம் அதில் தெரியும். கணக்கு ஒன்றும் மாயம் இல்லை. கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.5 ஓம், டிரான்ஸ்பார்மரிலிருந்து 600 மீட்டர் தள்ளி ஒரு வீட்டுக்கூட்டம், 40 ஆம்பியர் சுமை என்று எடுத்துக்குங்க. போகிற கம்பியில் 12 வோல்ட், திரும்புகிற கம்பியில் 12 வோல்ட், ஆக 24 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். 230 கிளம்பி 206 வந்து சேரும். விதிப்படி தாழ்வழுத்தத்தில் 6 சதவீதம் வரைதான் குறையலாம், அதாவது 216 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. மிக்சி முனகுகிறது, ஃப்ரிட்ஜ் கிளம்ப மறுக்கிறது என்று நீங்கள் சொல்கிற 'லோ வோல்டேஜ்' இதுதான்.

இந்தக் கணக்கு சரியாக வரவேண்டுமானால் உள்ளே போகிற தகவல் சரியாக இருக்கணும். அங்கேதான் சிக்கல்.

தமிழ்நாட்டில் ஒரு விசேஷம் உண்டு. நம் பெரிய மின்தடங்களில் ஒரு வகை 230 கிலோவோல்ட். நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். அட்டவணையில் அலகு எழுதாமல் வெறுமனே '230' என்று போட்டிருந்தால் அது எது? ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆயிரம் மடங்குத் தப்பு என்றால் விடை கோணலாக வந்து யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை. 600 மீட்டரை 300 மீட்டர் என்று எழுதியிருந்தால்? 206-க்குப் பதில் 218 என்று வரும். விதிக்குள் இருக்கிற மாதிரி, பார்க்க நல்ல விடை. யாருக்கும் சந்தேகமே வராது. புதுக் கம்பி போட வேண்டிய தெரு பட்டியலில் இருந்து விடுபட்டுப் போகும்.

இதற்கு உலக அளவில் ஒரு வரலாறு இருக்கிறது. 1960-களில் மின்சார நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி தகவலை எழுதி வைத்தன. ஒருவர் கோப்பை இன்னொருவர் திறக்க முடியாது. 1973-இல் அமெரிக்காவின் ஐஇஇஇ பொறியாளர் சங்கத்தின் பணிக்குழு ஒன்று பொது வடிவம் ஒன்றை வெளியிட்டது. அது துளை போட்ட அட்டைகளின் காலம். ஒவ்வொரு தகவலுக்கும் இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்து வரை என்று இடம் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு எழுத்து தள்ளிப்போனால் 12 மெகாவாட் 120 ஆகிவிடும். மின்நிலையத்தின் பெயருக்கு ஏறக்குறைய ஒரு டஜன் எழுத்துதான் இடம். ஆங்கிலத்தில் சிதம்பரம் 11 எழுத்து, தப்பித்தது. காட்டுமன்னார்கோயில் 15 எழுத்து, வால் அறுந்துவிடும்!

வால் அறுந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். காலி இடம்தான் பெரிய ஆபத்து. ஒரு தகவல் தெரியவில்லை என்று இடத்தைக் காலியாக விட்டால், அந்தக் கால ஃபோர்ட்ரான் மொழி அதை 0 என்று படித்துக்கொள்ளும். 'இந்தக் கம்பியின் மின்தடை தெரியாது' என்பதும் 'இந்தக் கம்பிக்கு மின்தடையே இல்லை' என்பதும் ஒன்றா? என்னைக் கேட்டால், வடிவமைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: 'தெரியாது' என்று எழுத ஒரு வழி இருக்கா, இல்லையா. நம் ஊர் எக்செல் அட்டவணைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

அந்த 1973 வடிவம் இன்னும் சாகவில்லை. மாணவர்கள் பழகும் ஐஇஇஇ 14 முனை மாதிரி, 1962-இல் அமெரிக்காவில் இருந்த ஒரு மின்கட்டமைப்பின் துண்டு. அதை இன்றும் அந்த வடிவத்தில் பார்க்கலாம். ஆனால் அதில் சாதாரண சுமை முனைக்கு 0 என்று குறி. பின்னாளில் வந்த மேட்பவர், பிஎஸ்எஸ்-இ மென்பொருள்களில் அதே முனைக்கு 1 என்று குறி. கோப்பை அப்படியே வெட்டி ஒட்டினால் மென்பொருள் முழிக்கும்.

பெரிய மின்தடத்துக்கு எழுதிய வடிவத்தை உங்கள் தெருவுக்கும் பயன்படுத்தலாமா என்றால், அதுவும் சரிப்படாது. நெய்வேலியிலிருந்து கிளம்பும் உயரழுத்தத் தடத்தில் 3 ஃபேஸிலும் சுமை கிட்டத்தட்ட சமமாக இருக்கும். அதனால் மூன்றையும் ஒரே கோடாகக் கணக்குப் போட்டுவிடலாம். தெருவில் அப்படி இல்லை. உங்கள் வீடு ஒரு ஃபேஸில், எதிர் வீடு இன்னொரு ஃபேஸில். 'எதிர் வீட்டுல லைட் எரியுது, நமக்கு மட்டும் இல்லை' என்பது ஒரு ஃபேஸ் மட்டும் போனதன் அடையாளமாக இருக்கலாம். ஃபேஸ் எழுத இடமே இல்லாத வடிவத்தில் உங்கள் புகாரைப் பதியவே முடியாது. பகிர்மானத்துக்கென்றே வந்த ஓபன்டிஎஸ்எஸ் மென்பொருளில் முனையின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 1, 2, 3 என்று ஃபேஸை எழுதுகிறார்கள். சின்ன ஏற்பாடுதான், ஆனால் அது இல்லாமல் தெருவைக் கணக்கில் கொண்டுவர முடியாது. 2008-இலிருந்து அந்த மென்பொருளின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது; அண்ணாமலை நகரில் மின் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் காசு செலவில்லாமல் இறக்கி முயன்று பார்க்கலாம்.

இனி கடலூருக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. கம்பங்கள், டிரான்ஸ்பார்மர்கள், கம்பிகள் எல்லாம் சாய்ந்ததை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அதற்குப் பிறகு, உலக வங்கி உதவியுடனான கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களில் மேல்நிலைக் கம்பிகளைப் புதைவடமாக மாற்றும் பணி எடுக்கப்பட்டது.

நம் கண்ணுக்குக் கம்பி மேலே இருந்து கீழே போனது, அவ்வளவுதான். கோப்புக்கு அப்படி இல்லை. பூமிக்குள் போகும் கேபிள் ஒரு மின்தேக்கி மாதிரியும் நடந்துகொள்ளும். தன்னை நிரப்பிக்கொள்ளவே கொஞ்சம் மின்னோட்டம் எடுக்கும். மேல்நிலைக் கம்பியில், குறைந்த தூரத்துக்கு, இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். கேபிளில் விட முடியாது. நீளம், தடிமன் என்று இரண்டே கட்டம் உள்ள பழைய அட்டவணையில் இதை எங்கே எழுதுவீர்கள்? இன்னொன்று, புயலுக்குப் பின் அவசரத்தில் கம்பம் வேறு இடத்தில் நடப்படும், வழி மாறும். அதனால் ஒவ்வொரு பதிவிலும் 'இது எந்தத் தேதி நிலவரம்' என்று ஒரு கட்டம் அவசியம். தேதி இல்லாத வரைபடம் புயலுக்கு முந்தையதா பிந்தையதா என்று யாருக்குத் தெரியும்?

சுவிட்ச் விஷயம் இதைவிடக் கூர்மையானது. தேரோடும் ஊர்களில், தேர் நகரும் நேரத்தில் அந்த வீதியின் மின்சாரத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். 2022 ஏப்ரல் 27-இல் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் சப்பரம் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்துபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். சிதம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ஆனியிலும் மார்கழியிலும் தேர் கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி சுற்றி வரும். எந்த சுவிட்சைத் திறந்தால் எந்த வீதி முழுக்க அணையும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டுமானால் இரண்டு விஷயம் தெரியணும்: அந்த சுவிட்ச் வழக்கமாக எந்த நிலையில் இருக்கும், இந்த நிமிடம் எந்த நிலையில் இருக்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டையும் எழுதினால் குழப்பம். போன வாரம் வேலைக்காக மூடிய சுவிட்ச், கோப்பில் 'திறந்தது' என்றே நிற்கும். வீதிக்கு வேறு பக்கத்திலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்.

இன்று உலகம் முழுக்கப் பயன்படும் பொதுத் தகவல் மாதிரி, சுருக்கமாக சிம், இதைத் தனித்தனியாகவே வைக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் தொடங்கி, பின்பு ஐஇசி 61970, 61968 என்று சர்வதேசத் தரமானது. அதில் வழக்கமான நிலைக்கு ஒரு கட்டம், இப்போதைய நிலைக்கு இன்னொரு கட்டம். ஒவ்வொரு பொருளுக்கும் எங்கும் திரும்ப வராத ஒரு அடையாள எண், பெயர் தனி. கடலூர் முதுநகரை ஒருவர் ஓ.டி. என்பார், ஒருவர் பழைய டவுன் என்பார். எண் ஒன்றானால் சண்டை இல்லை. குறையும் உண்டு: கோப்பு பெரிசு, கண்ணால் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம். நாலு டிரான்ஸ்பார்மர் கணக்குக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

எவ்வளவு நல்ல வடிவம் வைத்தாலும் அதில் ஏறாத ஒன்று உங்கள் வீட்டில் இருக்கலாம்: சொந்த ஜெனரேட்டர். முறையான சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு வயரிங்கில் சொருகினால், மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பி ஓடி, டிரான்ஸ்பார்மர் வழியாக உயரழுத்தமாகவே மேலே ஏறும். கோப்பின்படி அணைந்த கம்பி அது. அதை நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். ஜெனரேட்டர் வைத்திருந்தால் சேஞ்ச்-ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை வைத்துப் பொருத்திவிடுங்க. மாடியில் மின்வாரிய இணைப்புடன் சோலார் வைத்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு; வெளி மின்சாரம் நின்றதும் அந்த இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். 2024 விதித் திருத்தப்படி 10 கிலோவாட் வரையிலான வீட்டு சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. அதற்கு மேல் என்றால் உங்கள் டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்று ஆய்வு நடக்கும், அப்போது உங்கள் தெருவின் தகவல்தான் பேசும்.

புகாருக்கு 2021 ஜூனிலிருந்து 24 மணி நேரமும் இயங்கும் மின்னகம் எண் 94987 94987. அழைக்கும்போது மின் இணைப்பு எண்ணோடு இன்னும் மூன்று விவரம் சொல்லுங்க: பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் மின்சாரம் இருக்கிறதா, முழுக்கப் போனதா அல்லது மங்கலாக எரிகிறதா, உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் பெயர் என்ன. அந்தப் பெயரை இன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போது, தள்ளி நின்று செல்போனில் ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க.