எந்த ஒளிக்கு வெளிப்படை? - ஒரு கண்ணாடிப் பூச்சு பற்றி

திருவேற்காட்டில் கோயிலுக்குப் போகும் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் தம்பி, என் போனிலிருந்து விரிசல் விழுந்த தொடுதிரைக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதுல கரண்டு ஓடுது சார். ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, பாருங்க." ஒன்றும் தெரியவில்லைதான். கண்ணுக்குத் தெரியாமல் செயல்படுகிற எதைக் கண்டாலும் உடனே அதிகாரம் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவது நம் சிறுபத்திரிகைப் பழக்கம். அந்த அவசரத்தைச் சற்றே ஒத்திப்போட்டு, முதலில் பொருளைப் புரிந்துகொள்ளப் பார்க்கலாம்.

பெரும்பாலான தொடுதிரைகளில் பூசப்படுவது இண்டியம் டின் ஆக்சைடு. இண்டியம் 1863இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கண்டறியப்பட்ட உலோகம். துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும்போது உடன்விளைவாகக் கிடைப்பது. அதன் ஆக்சைடில் கொஞ்சம் வெள்ளீயம் கலந்தால் கட்டற்ற எலெக்ட்ரான்கள் உருவாகின்றன. உலோகத்தில் இவை நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். விழுகிற ஒளியோடு கூட்டமாக ஆடி அதைத் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளித்தட்டு பளபளப்பது இதனால்தான். சாதாரணக் கண்ணாடியிலோ இப்படிப்பட்டவை இல்லை. ஒளி போகும், மின்சாரம் போகாது. நம் பூச்சு இரண்டுக்கும் நடுவில். அதிலுள்ள எலெக்ட்ரான்கள் மின்சாரத்தைக் கடத்தப் போதும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் வேகமான அதிர்வுக்கு ஈடுகொடுக்க அந்த நெருக்கம் போதாது. அந்த ஒளி கடந்துபோகிறது. அகச்சிவப்பின் மெதுவான அதிர்வுக்கு ஈடுகொடுத்து, அதை மட்டும் திருப்பிவிடுகின்றன.

இந்த இரு நிலைகளுக்கும் எல்லையில், சுமார் 1,240 நானோமீட்டர் அலைநீளத்தில், பொருளின் விடுதிறன் - ஒளியின் மின்புலத்துக்கு அது காட்டும் எதிர்வினை - பூஜ்யத்தை ஒட்டி வருகிறது. முள் சரியாக நடுவில் நிற்கும் தராசில் ஒரு குன்றிமணி போட்டாலும் தட்டு இறங்குமில்லையா, அதுபோல இங்கே சிறு மாற்றம்கூடப் பெரிய விளைவைத் தரும். 2016இல் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் சாஹிருல் ஆலம், இஸ்ரேல் டி லியான், ராபர்ட் பாய்ட் மூவரும் லேசர் துடிப்பால் இதன் ஒளிவிலகல் எண்ணை 0.72 அளவுக்கு மாற்றிக் காட்டினார்கள். வழக்கமான பொருள்களில் இந்த மாற்றம் தசமப் புள்ளிக்குப் பின் பல பூஜ்யங்கள் தள்ளித்தான் தெரியும்.

நடப்பது இதுதான். துடிப்பு எலெக்ட்ரான்களை மட்டும் சூடாக்குகிறது; அணுக்கள் அந்த நேரத்தில் சூடேறுவதில்லை. சூடான எலெக்ட்ரான்கள் எடை கூடியவை போல மந்தமாகின்றன, எல்லை நகர்கிறது. பிறகு சூட்டை அணுக்களிடம் இறக்கிவைத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. எல்லாம் முடிய ஆன நேரம் சுமார் 360 ஃபெம்டோ நொடி. நொடியை 1,000 லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ நொடி.

2023இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரிக்கார்டோ சபியென்சாவின் குழு இன்னும் ஒரு படி போனது. தாமஸ் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையைக் காலத்தில் செய்தார்கள்: 40 நானோமீட்டர் பூச்சை அடுத்தடுத்த இரு துடிப்புகளால் இருமுறை கண்ணாடியாக்கினார்கள். இடத்தில் உள்ள பிளவு ஒளியின் திசையைச் சிதறடிக்கும். காலத்தில் உள்ள பிளவு அதன் நிறத்தை, அதாவது அதிர்வெண்ணை, வரிவரியாகப் பிரித்தது. ஒளியை ஒளியாலேயே திறந்து மூடலாம் என்கிற ஆசை இதன் பின்னால் இருக்கிறது. இன்னும் ஆய்வுக்கூட விஷயம்தான்.

இப்போது ஒத்திப்போட்டதற்கு வருகிறேன். 'வெளிப்படை' என்பதை நாம் பொருளின் குணமாகவும், பல நேரம் அறமாகவும் பேசிவருகிறோம். இந்தப் பூச்சு சொல்வது வேறு. வெளிப்படை என்பது ஓர் உறவு. உள்ளே இருப்பவற்றின் நெருக்கத்தையும் வெளியிலிருந்து வருவதன் வேகத்தையும் பொறுத்தது. ஒரு ஒளிக்குத் திறந்திருப்பது இன்னொன்றுக்குச் சுவர்.

நம் விரலுக்குத் திரை திறந்திருக்கிறது. ஆனால் 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டிய பெண்களில் 150க்கும் மேற்பட்டோர் பூந்தமல்லி விடுதிச் சாப்பாட்டால் மருத்துவமனைக்குப் போனார்கள்; அந்தத் தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள, மற்றவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக உட்கார வேண்டியிருந்தது. ஃபெம்டோ நொடியில் அது தெரியவில்லை. இப்பூச்சுக்கான மூலத்தட்டுகளை அரைத்துத் தேய்க்கும் தொழிலாளிகளுக்கு அந்தத் தூசியால் நுரையீரல் நோய் வரும் என்பதும், ஜப்பானில் ஒருவர் இறந்துபோய், 2003இல் மருத்துவ இதழில் பதிவான பிறகே உலகத்துக்குத் தெரிந்தது.

ஒளியின் இந்தப் புதிய இயற்பியல் அழகானது. அதை ரசிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ரசிக்கும்போதே, இது எந்தக் கேள்விக்குச் சுவராக நிற்கிறது என்றும் கேட்கலாம்.

"பழைய கண்ணாடிய என்ன பண்ணுவீங்க தம்பி?" என்றேன்.

"டப்பாவுல போட்டு வெப்பேன் சார். பழைய சாமான்காரர் வந்தா அள்ளிட்டுப் போவாரு. அப்புறம் எங்க போவுதுன்னு யாருக்குத் தெரியும்?"