மீசை முளைத்த ஹால் டிக்கெட்

வீட்டுக்குள் ஒரு பட்டறை – 11

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஓர் இரவு. மணி பத்தைத் தாண்டியிருக்கும். மாடி வீட்டுப் பெண் பென் டிரைவோடு வந்து நின்றாள். விடிந்தால் அவளுக்குப் போட்டித் தேர்வு. தெருமுனை ஜெராக்ஸ் கடையை அடைத்துவிட்டார்கள். ஹால் டிக்கெட் ஒரு பிரதி எடுத்துத் தர வேண்டும், அவ்வளவுதான். இதற்கென்ன என்று பிரிண்டரைப் போட்டேன். வெளியே வந்த தாளைக் கையில் வாங்கியவள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சொன்னாள்: "அங்கிள், எனக்கு மீசை முளைச்சிருக்கு."

தாளின் மேல் ஓரத்தில் இருந்த படத்தில், மூக்குக்குக் கீழே கறுப்பாக ஒரு தீற்றல்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 'ஹெட் கிளீனிங்' பட்டனை அழுத்தினேன். இன்னொரு பிரதி, இன்னொரு மீசை. மறுபடி கிளீனிங். மூன்றாம் முறை முடிந்தபோது தொட்டியில் மை இறங்கியிருந்தது, மீசை அப்படியே இருந்தது.

ஹெட் கிளீனிங் என்பது, அடைபட்ட துவாரங்களின் வழியே மையை உறிஞ்சி வெளியே தள்ளும் வேலை. எழுத்து விட்டு விட்டு விழுந்தால், நடுவில் வெள்ளைக் கோடு ஓடினால் அது உதவும். இங்கே மை வராமல் போகவில்லை; வந்த மை வேண்டாத இடத்தில் அப்பியிருக்கிறது. மலச்சிக்கலுக்கான மருந்தை வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த கதைதான். அதுமட்டுமல்ல, கிளீனிங்கில் வெளியேறும் மை பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சு மெத்தையில் போய்ச் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்று இயந்திரம் கணக்கு வைத்திருக்கும். மெத்தை நிரம்பியதாகக் கணக்கு காட்டினால், அதை மாற்றும்வரை பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

மையின் சங்கடத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1977-ல் ஜப்பானில், கேனான் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை ஏற்றிய சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. வெப்பத்தால் குமிழி உண்டாக்கி மையைத் தெறிக்க வைக்கும் 'பபிள் ஜெட்' அதிலிருந்து பிறந்தது. எப்சன் பிரிண்டர்களில் குமிழிக்குப் பதில், மின்சாரம் பட்டால் வளைகிற பீசோ படிகம் மையைத் தள்ளுகிறது. எப்படித் தள்ளினாலும் துளி மிகச் சிறியது, சில பிகோலிட்டர்தான். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் பிகோலிட்டர். மூன்று பிகோலிட்டர் துளியின் குறுக்களவு சுமார் 18 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ கால் பங்கு.

இத்தனை சிறிய துவாரத்தின் வாயில் மை காய்ந்துவிடக் கூடாது. அதற்காக, ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளைக்கால் போன்ற பொருட்களை மையில் கலக்கிறார்கள். அதே மை தாளில் விழுந்ததும் சட்டென்று காய வேண்டும். உள்ளே காயக் கூடாது, வெளியே காய வேண்டும். இந்த இரண்டுங்கெட்டான் நிலையில் மையைக் காப்பாற்றுவது தாள். தாள் உறிஞ்சாவிட்டால் மை என்ன செய்யும்?

ஆகவே கறை கண்டால் இயந்திரத்தைத் திறக்காதீர்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்து, கறை எங்கே விழுந்திருக்கிறது, எந்தப் பக்கமாக இழுத்திருக்கிறது என்று பாருங்கள். பிரிண்டருக்குள் ஹெட் ஓடுவது தாளின் அகலவாக்கில். தாள் நகர்வது நீளவாக்கில். இந்த ஒரு வரி நினைவிருந்தால் பாதி வழக்கு முடிந்தது.

அகலவாக்கில் இழுத்த கறை என்றால், ஹெட்டோ அதன் அடியில் தொங்கும் தூசி இழையோ தாளைத் தொட்டிருக்கிறது. அது தாளின் மேல், கீழ் ஓரங்களில் மட்டும் இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் வளைந்த தாள். ஹெட்டுக்கும் தாளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஓரம் சற்றே தூக்கிக்கொண்டால் போதும், ஹெட் அதை உரசிக்கொண்டு போகும்.

என் மீசையின் மர்மம் இங்கேதான் அவிழ்ந்தது. டிரேயில் இருந்த தாள்கள் அங்கே வைத்து இரண்டு மாதமாகிறது. கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளானாலும் சரி, மரக்கூழில் செய்ததானாலும் சரி, எல்லாம் செல்லுலோஸ் நார்தான். காற்றில் ஈரம் இருந்தால் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் குடித்தால், தாள் அப்பளம்போல் ஓரம் சுருளும். டிரேயிலிருந்த மேல் தாளை மேஜையில் போட்டேன். நான்கு மூலையும் என்னைப் பார்த்து நிமிர்ந்து நின்றன.

பீரோவில் இருந்த புதுக் கட்டைப் பிரித்து நடுவிலிருந்து பத்துத் தாளை எடுத்து, விசிறி, தட்டி வைத்து அச்சிட்டேன். மீசை போய்விட்டது. 500 தாள் கட்டின் மேலுறை அழகுக்காகச் சுற்றியதல்ல. ஈரம் புகாமல் காப்பதற்கு. மிச்சத் தாள்களை அந்த உறையிலேயே சுற்றிப் படுக்கையாக வைத்தால் மழைக்காலத்தைத் தாண்டிவிடலாம். உடனே வேறு தாள் கிடைக்காவிட்டால், வளைவுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல உருட்டி நிமிர்த்துங்கள். தடித்த தாளுக்கென்றோ, தாள் உரசலைத் தடுக்கவென்றோ பல பிரிண்டர்களின் அமைப்புகளில் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் இடைவெளி கூடும்.

அடுத்தது நீளவாக்கில் வரும் கறை. ஒரே மாதிரிப் புள்ளியோ தீற்றலோ சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அழுக்குப் பட்ட ரோலர் உருண்டுகொண்டே முத்திரை குத்துகிறது என்று பொருள். ஸ்கேலை எடுத்து இடைவெளியை அளந்து 3.14-ஆல் வகுங்கள். 47 மில்லிமீட்டர் என்றால், 15 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ரோலரைத் தேட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த வட்டத்தின் சுற்றளவு கடைசியில் ஒரு காரியத்துக்கு உதவியது! ஸ்கேனர் வசதி உள்ள பிரிண்டரானால், கண்ணாடியில் எதையும் வைக்காமல் நாலைந்து வெற்றுப் பிரதி எடுங்கள். வெள்ளைத் தாள்கள் உள்ளே போய், ரோலரில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும். தாள் சுத்தமாக வரும்வரை எடுத்தால் போதும்.

கறை தாளின் முதுகில் இருந்தால், ஹெட்டுக்கு அடியில் தாள் நகரும் மேடையில் மை சிந்தியிருக்கிறது. ஓரமே விடாமல் போட்டோ அச்சிடும்போது மை தாளின் விளிம்பைத் தாண்டித் தெளிக்கப்படும். ஏ4 என்று அமைத்துவிட்டுச் சின்னத் தாளை வைத்தாலும் இதே கதி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லேசாக நனைத்த காட்டன் பட்ஸால் அந்த மேடையைத் துடைக்கலாம். டிஷ்யூ வேண்டாம், அதன் நார் ஒட்டிக்கொண்டு புதுக் கறைக்கு வழி செய்யும். குறுக்கே ஓடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டையையும் மைக்குழாய்களையும் தொடாதீர்கள். ஹெட் தான் எங்கே இருக்கிறது என்று அறிவது அந்தப் பட்டையைப் பார்த்துத்தான்.

தாள் முழுக்க நனைந்து நெளிகிறதா? அமைப்பில் 'போட்டோ பேப்பர்' என்று இருக்கும், டிரேயில் சாதாரணத் தாள் இருக்கும். இயந்திரம் நம்மை நம்பி மையை வாரி இறைத்திருக்கும். எழுத்துக்கு மீசைபோல் மெல்லிய கிளைகள் பிரிகின்றனவா? தாளில் பசைப் பூச்சு போதவில்லை. மை நார் வழியே ஓடுகிறது. பளபளப்பான போட்டோ தாளில் விரல் பட்டாலே வருகிறதா? தாளைத் திருப்பி வைத்திருக்கலாம். அல்லது அது பிக்மென்ட் கறுப்பாக இருக்கலாம். பிக்மென்ட் என்பது நுண்துகள், மேற்பரப்பிலேயே தங்கும். 'டை' மை கரைந்த சாயம். தாளுக்குள் இறங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் கலைந்தோடும்.

கடைசி விஷயம் நினைவுக்கு வந்ததும் மாடிப்படி ஏறியவளைத் திரும்பக் கூப்பிட்டேன். என் பிரிண்டரில் வண்ணங்கள் 'டை' வகை. வெளியே மழை நிற்கவில்லை. ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். மீசை வைத்த பிரதிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாஸானால் ஃபிரேம் போடுவாளாம்.

(அடுத்த வாரம்: எழுத்தின் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு. ஹெட் கிளீனிங்குக்கு நிஜமாகவே வேலை வரும்.)